பனிக்கடலுக்குப் போன முப்பாட்டன்

என் அக்கா வீட்டுக்காரர் காத்தலிங்கத்துக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அதனால்தான் பெண் வீட்டார் வரும் நாளில் பேச்சையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அக்கா மகன் சேந்தனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. பெண்ணின் அப்பா வைரக்கண்ணுவுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் குறிப்பதுதான் பாக்கி.

கெடுத்தது டிவி. அவர்கள் வந்து உட்கார்ந்தபோது, அந்தக் காலத்து நார்வேக் கடற்கொள்ளையர்களான வைகிங்குகளைப் பற்றிய தொடர் ஒன்று அதில் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கதாநாயகன் ஹால்கர் நிஜமாகவே இருந்த ஆளாமே என்று வைரக்கண்ணு சும்மா இருக்காமல் கேட்டுவைத்தார்.

"இருந்தாராவா? எங்க முப்பாட்டன்தாங்க அது," என்றார் அத்தான்.

தொடையைக் கிள்ளினேன். உறைக்கவில்லை. முப்பாட்டன் நாகப்பட்டினத்திலிருந்து கட்டுமரத்தில் ஒரு சூரை மீனைத் துரத்திக்கொண்டு போனாராம். மீன் நிற்கவில்லை, இவரும் விடவில்லை, நார்வே வந்துவிட்டதாம். அங்கே கடல் உறைந்து கிடக்க, கட்டுமரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாராம். அதுவரை குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானாம்.

வைகிங்குகள் யாரும் கொம்பு வைத்த தொப்பி போட்டதே இல்லையாமே என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"போட்டது ஒரே ஆளு மச்சான். குளிருக்கு முப்பாட்டன் கொழம்புச் சட்டியைக் கவுத்துக்கிட்டாரு. கொம்பாத் தெரிஞ்சது, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருந்த நண்டுக் காலு."

அதோடு விட்டாரா? லண்டனை மத்தியானம் பிடித்து, புளி கிடைக்காத ஊர் எதற்கென்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். போகாதீர்கள் என்று அந்த ஊர் ராஜா காலைப் பிடித்து அழுதாராம்.

வைரக்கண்ணு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நல்ல வேளை சொன்னீங்க. அந்த ஹால்கரோட அண்ணன்தான் எங்க முப்பாட்டன். லண்டன்ல கடை கடையாப் புளி தேடி அலைஞ்சது அவருதான். அப்ப நாம பங்காளிங்க. எம் பொண்ணு உங்க பையனுக்குத் தங்கச்சி முறையாவுது."

முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த வாய் இருக்கும் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஆனாலும் ஒரு வழி இருந்தது. தான் சொன்னது புளுகு என்று அத்தான் ஒப்புக்கொண்டால் போதும், வைரக்கண்ணு சொன்ன அந்த அண்ணனும் காணாமல் போய்விடுவார். காதோரம் கெஞ்சினேன். சேந்தன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அத்தான் எழுந்துபோய் வைரக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏண்ணே கெளம்புறீங்க? தம்பி வூட்டுல ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."