யானை அழுத்திய முன்கண்ணாடி

பொன்னுரங்கம் அண்ணனுக்குக் கண்ணாடி மாட்டும்போது கதை சொல்லியாக வேண்டும். கதை ஓடினால் கை ஓடும். யாராவது இடையில் புகுந்து "அதெப்படி?" என்று கேட்டால், வாய் நிற்பதற்கு முன்னால் கை நின்றுவிடும். சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் போனது சௌந்தர்ராஜ் சாருடைய காருக்காக. சிவப்பு நிறம், இரண்டே சீட், தவளை மாதிரி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவருடைய அப்பா காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் ஊட்டிக்குப் போகிறது. முன்கண்ணாடியில் விரிசல் ஓடியிருந்ததால், புதிதாக ஒன்றை எங்கெங்கோ தேடி வரவழைத்திருந்தார்.

"மதி, இது உடைஞ்சா அடுத்தது கிடையாது. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றார்.

அவருடைய பழைய கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இன்னும் எனக்கு நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். மகன் கார் கம்பெனியில் மேனேஜர் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். டிரைவர் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போக, நான் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பின்னால் போனேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தபோதெல்லாம் கண்ணாடிக்கு வலிக்குமோ என்று இருந்தது.

பழைய கண்ணாடியைக் கழற்றுகிற வரையில் பொன்னுரங்கம் அண்ணன் அதிகம் பேசவில்லை. புதுக் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டினார். ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் ஓடவிட்டு, இரண்டு நுனிகளையும் காருக்குள் விழும்படி விட்டார். சோப்புத் தண்ணீர் தடவினார். உள்ளே உட்கார்ந்து அவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தின் விளிம்பைத் தாண்டிக் கவ்விக்கொள்ளும். அந்த நேரத்தில் வெளியே இருப்பவர்கள் உள்ளங்கையால் கண்ணாடியைச் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் நானும், மறுபக்கம் அடுத்த கொட்டகையில் பெயிண்ட் அடிக்கிற ஆரோக்கியமும் நின்றோம். டீக்கடை கபூர் பாய் கையில் கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"பாதியில நிறுத்தக் கூடாதுங்க தம்பி" என்றார் அண்ணன். "சோப்பு காஞ்சா ரப்பர் பிடிச்சுக்கும். அப்புறம் மூலையில டப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு முதல் இழுப்பு இழுத்தார். கூடவே கதையும் புறப்பட்டது.

"இதே மாதிரி காரு ஒண்ணு வால்பாறைல இருந்து வந்துச்சுங்க. காப்பி எஸ்டேட் துரை ஒருத்தரோடது. அதோட ரப்பர் இருக்குதே, அந்த மாதிரி ரப்பர் நான் அதுக்கு மின்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. நீளம் பாக்கலாம்னு ஒரு நுனிய நான் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு நுனிய எங்க மச்சான்கிட்டக் கொடுத்து நடக்கச் சொன்னேன். நடந்தான், நடந்தான், சூலூர் தாண்டிட்டான். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, இன்னும் வருது மாமான்னு போன் பண்றான்."

"அப்புறம்?" என்றேன் நான். கயிறு கீழ்ப்பக்கத்தில் அழகாக நகர்ந்துகொண்டிருந்தது.

"கை வழுக்கி விட்டுட்டான். ரப்பர் சுருங்கி வந்து சேர்ந்துச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டுல நின்ன டவுன் பஸ்ஸோட பம்பர்ல மாட்டி, பஸ்ஸையும் இழுத்துக்கிட்டு வந்துருச்சுங்க. இதா, இந்த வாசல்லதான் நின்னுச்சு. கண்டக்டர் எறங்கி வந்து, எங்க ஏறுனீங்கன்னு எங்கிட்ட டிக்கெட் கேக்கறாரு."

ஆரோக்கியம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ரப்பர் இழுத்து பஸ் வந்துச்சாக்கும்" என்றான்.

கயிறு நின்றது.

"நம்பலைன்னா விடப்பா" என்று அண்ணன் சீட்டில் சாய்ந்தார். "எனக்கென்ன, வேலை பாக்காம உக்காந்திருக்கறது சுகம்தான்."

கண்ணாடியின் கீழ்ப்பக்கம் உள்ளே, மேல்பக்கம் வெளியே. நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே கேள்வியாகக் கேட்டேன்.

"பஸ்ல ஆளுங்க இருந்தாங்களாண்ணா?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளு. நெறைஞ்ச பஸ்ஸு. பாதிப் பேரு சிங்காநல்லூர்தான் வரோணும், அவங்களுக்கு ரொம்பச் சந்தோசம்."

கயிறு நகர்ந்து பக்கவாட்டில் ஏறியது.

"அது கெடக்கட்டும். பழைய கண்ணாடியைக் கழட்டுனதுதான் பெரிய ஆபத்து. துரை அந்தக் காரை அத்தனை வருசம் வேகமா ஓட்டியிருக்கறாரு. மோதுன காத்தெல்லாம் எங்க போகும்? கண்ணாடியிலதான் சேர்ந்து கெடக்கும். எனக்கு அது தோணல. ஒரு மூலையை நெம்புனேன் பாருங்க, மொத்தக் காத்தும் ஒரே நேரத்துல வெளிய வந்துருச்சு. இந்தத் தெருவுல காயப் போட்டிருந்த துணியெல்லாம் உடுமலைப்பேட்டைல போய் எறங்குச்சு. மடிச்சே எறங்குச்சுங்க, அதான் அதிசயம். எதுத்தாப்புல ஒரு கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்துச்சு. பாதி வந்த முட்டை, காத்தடிச்ச வேகத்துல திரும்ப உள்ள போயிருச்சு."

கபூர் பாய் டீயை விழுங்க முடியாமல் தவித்தார். நான் அவரைப் பார்த்து, தயவுசெய்து என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அந்தக் கோழி அப்புறம் முட்டை போட்டுச்சாண்ணா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"போட்டுச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் மொதல்ல திரும்பி நின்னு காத்தடிக்குதான்னு பாத்துட்டுத்தான் போடும்."

ஒரு பக்கம் முழுதும் உட்கார்ந்துவிட்டது. அடுத்த நுனியைப் பிடித்து அண்ணன் மறுபக்கம் போனார். சோப்புத் தண்ணீர் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது.

"இப்பத்தான் விசயமே. துரை காருக்கு ஒரு வியாதி. நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. புதுக் கண்ணாடியோட என்னை எஸ்டேட்டுக்கே வரச் சொன்னாரு. அங்க இருந்து எறங்கறப்போ, ஓடற வண்டியிலேயே மாட்டுடா பொன்னுரங்கம்னு சொல்லிட்டாரு. கண்ணாடி இல்லாம வெறும் ஓட்டையோட வண்டி எறங்குது. கொண்டை ஊசி வளைவா வருது. நான் உள்ள உக்காந்து கயிறு இழுக்கறேன். சரி, வெளிய இருந்து அழுத்தறது யாரு?"

"யாரு?" என்றேன்.

"ஒரு வளைவுல திரும்பறோம், ரோட்டு நடுவுல யானை. கொம்பன். துரை பிரேக்கு போட மாட்டாரு, போட்டா வண்டி நின்னுரும். நான் தலைய வெளிய நீட்டி, சாமி, கொஞ்சம் அழுத்திக் கொடுன்னு கேட்டேன். நெத்தியைக் கொண்டாந்து கண்ணாடி மேல வெச்சுது பாருங்க, பஞ்சு வெச்சாப்புல. சமமா, ஒரே அழுத்து. இப்ப நீங்க நிக்கற மாதிரி வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இல்ல."

என் கைகளை எல்லோரும் பார்த்தார்கள். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

கபூர் பாயால் அதற்கு மேல் முடியவில்லை. "யோவ், வண்டி கீழ எறங்கிக்கிட்டு இருக்கு. யானை வண்டி முன்னாடி நிக்குது. நெத்திய வெச்சு அழுத்துதுன்னா, அது எப்படிய்யா கூடவே வரும்?"

கயிறு நின்றது. மிச்சம் இருந்தது மேல்மூலை ஒன்றுதான்.

"ரிவர்ஸ்ல வந்துச்சு பாய்" என்றார் அண்ணன் அமைதியாக.

"யானை ரிவர்ஸ்ல, மலைரோட்டுல."

"பின்ன? லாரி வரலாம், யானை வரக் கூடாதா?"

"வளைவுல?"

அண்ணன் கயிற்றை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "தம்பி படிச்சவரு. அவரு சொல்லட்டும். யானை ரிவர்ஸ்ல வந்துச்சா, வரலையா?"

கண்ணாடிக்குள்ளிருந்து மெல்லிய கிறீச் ஒன்று கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ. வந்தது என்றால் பொய். வரவில்லை என்றால் கண்ணாடி போச்சு, வேலை போச்சு, அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. ஆரோக்கியம் எனக்காகப் பரிதாபப்பட்டு, வந்ததுன்னு சொல்லித் தொலை என்று முணுமுணுத்தான்.

"அண்ணா, அதுக்குப் பின்னாடி கண்ணு கிடையாதே" என்றேன். "வளைவு வருதுன்னு யாரு சொன்னது?"

பொன்னுரங்கம் அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டார்.

"நான்தான். வேற யாரு சொல்லுவா? தலைய வெளிய நீட்டி, வரட்டும், வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடி, அப்படியே வா, நேராக்கு, ரைட்டுன்னு தட்டுனேன். அத்தனை வளைவும் ஒரு கல்லு பேராம எறங்குச்சு. ஆழியார் செக் போஸ்ட்டுல கை தட்டி நிறுத்துனாங்க. வண்டிய இல்ல. யானைய. ரிவர்ஸ் லைட் இல்லாம வந்துச்சுன்னு."

மேல்மூலையில் ரப்பர் "சப்" என்று கவ்விய சத்தம். கயிறு முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. நானும் ஆரோக்கியமும் கையை எடுத்தோம். கண்ணாடி முழுசாக இருந்தது. நான் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அண்ணன் இறங்கி வந்து கை துடைத்தார். "நான் மாட்டுன கண்ணாடில ஒழுகல்ங்கற பேச்சே இல்ல. அப்புறம் ஒரு நாளு துரை காரு ஆழியார் டேமுக்குள்ள போயிருச்சு. மேல எடுக்கற வரைக்கும் மனுசன் உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிருக்காரு. பேப்பர் நனையல. மீனெல்லாம் வெளிய நின்னு கண்ணாடி வழியா படிச்சுதாம். இவரு பக்கத்தைத் திருப்புனா தட்டிக் கூப்பிட்டுச்சாம், இன்னும் முடிக்கலைன்னு."

"சரி, தண்ணி அடிச்சுப் பாத்துரலாம்" என்று ஆரோக்கியம் ஹோஸ் பைப்பை எடுத்தான்.

நான் உள்ளே உட்கார்ந்தேன். தண்ணீர் கண்ணாடியில் அடித்து வழிந்தது. ஓரங்களைத் தடவிக்கொண்டே வந்தேன். உலர்ந்திருந்தது. கடைசியாக மேல்மூலையிலிருந்து ஒரு சொட்டு உருண்டு வந்து என் முழங்காலில் விழுந்தது. காத்திருந்தேன். இன்னொன்று வரவில்லை.

வெளியே வந்தபோது மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு ஒழுகுச்சு" என்றேன்.

"அது ஒழுகல் இல்ல தம்பி" என்றார் அண்ணன். "கண்ணாடிக்குப் புது எடம். வேர்க்குது."

அதே நேரம் சௌந்தர்ராஜ் சாரிடமிருந்து போன். நனைந்த கதவைத் திறந்ததில் என் கை ஈரமாக இருந்ததால் கபூர் பாய் என் பையிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார்.

"மாட்டியாச்சா மதி? உடையலையே?"

"இல்லைங்க சார். நல்லா உக்காந்திருக்கு."

"தண்ணி அடிச்சுப் பாத்தியா?"

அண்ணன் எதிரில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். ஆரோக்கியமும் ஆட்டினான். திரும்பக் கழற்றி மாட்ட வேண்டி வந்தால் இந்த முறை கண்ணாடி தாங்காது என்று எனக்கும் தெரியும்.

"பாத்தேன் சார். ஒழுகுது."

"எவ்வளவு?"

"ஒரு சொட்டு சார்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஒரு சொட்டா?"

"ஒரே ஒரு சொட்டு சார். நல்லாப் பாத்துட்டேன்."

"மதி, அந்தக் காரு கப்பல்ல இருந்து எறங்கின நாள்ல இருந்தே ஒழுகுது. எங்கம்மா கல்யாணமாகி அதுலதான் வந்தாங்க, மழைல, உள்ள குடை பிடிச்சுக்கிட்டு. நாங்க ஸ்கூலுக்குப் போறப்போ காலை மேல தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவோம். அதுல போய் ஒரு சொட்டுங்கற. நேர்மையான பையன்னுதான் உன்னை வேலைக்கு வெச்சேன். பொன்னுரங்கம் கடையில அரை நாள் நின்னதும் அந்த ஆளு புத்தி ஒட்டிக்கிச்சா? உண்மையைச் சொல்லு. எத்தனை வாளி?"

"சார், நிஜமா ஒரு சொட்டுதான்."

"நானே வந்து பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

பாய் போனை என்னிடம் நீட்டினார். பொன்னுரங்கம் அண்ணன் பக்கத்தில் வந்து, என் தோளில் கை வைத்தார்.

"எதையும் கேக்கறவங்க நம்பற மாதிரி சொல்லோணும் தம்பி. ரெண்டு வாளின்னு சொல்லியிருந்தீங்கன்னா இந்நேரம் வேலை நிரந்தரம்."