முழங்கால் தண்ணீர்

வெள்ளம் வடிந்த நாலாம் நாள், நிவாரண ஆபீசர் அளவுகோலோடு தெருவுக்குள் வந்தார். இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறிய வீட்டுக்குத்தான் அரிசியும் போர்வையும் என்று சட்டம். எந்த மாடியில் உட்கார்ந்து எழுதினார்களோ!

தையல்நாயகி வீட்டுச் சுவரில் சேற்றுக்கறை அவர் முழங்காலோடு நின்றிருந்தது.

"முழங்கால் தண்ணிக்கெல்லாம் நிவாரணமா? அடுத்த வீடு!"

"இடுப்புக்கு மேலதாங்க ஐயா ஏறுச்சு," என்றாள் தையல்நாயகி.

"பொய் சொன்னா லிஸ்ட்லேருந்து பேரையே அடிச்சிடுவேன். எங்கே, காட்டு பாக்கலாம்!"

அவள் சுவரோரம் ஒரு பாயை விரித்தாள். "நின்னா தெரியாதுங்க. இதுல படுத்துப் பாத்தாதான் தெரியும்."

பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆசையில் ஆபீசர் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். தெருவே வாசலில் கூடி எட்டிப் பார்த்தது. கறை அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"இப்ப இடுப்புக்கு மேல இருக்குங்களா ஐயா?"

அவர் படுத்தபடியே கறையை அண்ணாந்து பார்த்தார்.

"வெள்ளம் வந்த அன்னிக்கு ஏரிக்கரையில மணல் மூட்டை அடுக்கணும்னு நீங்கதான் எங்களையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனீங்க. மரத்துலேருந்து விழுந்து, எந்திரிக்க முடியாத எம் வீட்டுக்காரரு இந்த இடத்துலதான் படுத்திருந்தாரு."

ஆபீசர் மெல்ல எழுந்தார். அரிசியும், லிஸ்ட்டில் உள்ளபடி ஆளுக்கொன்றாக இரண்டு போர்வையும் கொடுக்கச் சொன்னார்.

தையல்நாயகி ஒரு போர்வையைத் திருப்பிக் கொடுத்தாள்.