ரெண்டையும் போட்டுப் பார்த்தவன்

அந்த ஆசிரமத்தில் குருவுக்கு மட்டும்தான் தாடி. சீடர்கள் எல்லோரும் விடிந்ததும் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டுதான் பூசைக்குப் போக வேண்டும்.

இந்தச் சவர விஷயத்தில் மாசிலாமணிக்கு ஒரு பெயர் இருந்தது. துணி துவைக்கிற பார் சோப்பைத்தான் முகத்தில் தேய்ப்பார். ஆசிரமத்துக்கு யார் வந்தாலும் எப்படியாவது பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவார்.

"நமக்கெல்லாம் இதுவே அதிகங்க" என்பார்.

கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கும்பிடட்டும் என்றுதான் சொல்வதே. கன்னம் திகுதிகுவென்று எரிவதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் கனகசபை வந்து சேர்ந்தார். மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். கொண்டுவந்த பையில் வேட்டி, துண்டு, ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் சவர சோப்பு. மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

"புதுமாப்பிள்ளை மொகம் கழுவுறார், எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா!" என்று மாசிலாமணி கிணற்றடியில் சத்தமாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கனகசபையும் சிரிப்பார்.

"அட போங்கண்ணே."

அவ்வளவுதான். டப்பாவை ஒளித்து வைக்கவும் மாட்டார். கிணற்று மேடையிலேயே விட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் மாசிலாமணி எல்லோருக்கும் முந்தி எழுந்து வந்தார். டப்பா இருந்தது. சும்மா மோந்து பார்க்கலாம் என்று திறந்தார். மோந்தார். பிரஷ்ஷை நனைத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. எரியவே இல்லை.

மறுநாளும் முந்தி எழுந்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிப் போனது. மற்றவர்கள் வரும்போது, துணி சோப்பைத் தண்ணீரில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

எடுத்தவருக்கு வெட்கம் வர வேண்டும். மாசிலாமணிக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் கனகசபை மேல். இந்த ஆள் இந்த எழவைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு ஒழுங்காக இருந்திருப்பேனே என்று பொருமினார். அந்தப் பொருமலோடுதான் சாயங்காலம் குரு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். விலை கூடின சோப்பு நல்லதா, விலை கொறைஞ்ச சோப்பு நல்லதா?"

கேட்டுவிட்டுக் கனகசபையைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததால் எல்லோரும் பார்த்தார்கள். கனகசபை தலையைக் குனிந்துகொண்டார்.

குரு தாடியை உருவிவிட்டார். "இதை என்கிட்டயா கேக்கறே? நான் கத்தியைத் தொட்டே எந்தக் காலமோ ஆச்சு. ரெண்டையும் போட்டுப் பார்த்தவன்தான் சொல்லணும். இங்க அப்படி யாராச்சும் இருக்கீங்களா?"

மாசிலாமணி கணக்குப் போட்டார். இப்போது 'நான்' என்று சொன்னால் இத்தனை நாள் சம்பாதித்த பெயர் போச்சு. சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

கனகசபை எழுந்தார். "நான் இருக்கேன் சாமி. அண்ணன் சோப்பை ஒருநாள் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன். தப்புதான்."

"அடப்பாவி, துணி சோப்பைக்கூட விட்டுவைக்கலையா நீ!" என்றது ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சரி, எது நல்லது?" என்று கேட்டார் குரு.

"அண்ணன் சோப்புதான் சாமி."

பக்கத்தில் இருந்தவர் மாசிலாமணியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஜெயிச்சுட்டீங்கண்ணே!"

மாசிலாமணி கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார்.

"சாமி..." மறுபடியும் எழுந்து நின்றார். "அவர் பொய் சொல்றார். என் சோப்பை அவர் தொட்டதே இல்ல. நான்தான் அவரோடதை எடுத்தேன். தினமும் எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. முதுகில் இருந்த கை மெல்ல விலகியது.

குரு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்ப நீயே சொல்லு. எது நல்லது?"

"விலை கூடினது, சாமி. எரியல."

"உன்னோடது எரியுமா?"

"ஆரம்பத்துல இருந்தே எரியுது."

குரு கனகசபை பக்கம் திரும்பினார். "நீ எதுக்குய்யா பொய் சொன்னே?"

கனகசபை தலையைச் சொறிந்தார். "தெரியும் சாமி. நான் வர்றப்பவே சோப்பு ஈரமா இருக்கும். ஆனா அண்ணன் கன்னத்துல இருந்த புண்ணு இப்பதான் ஆறிக்கிட்டு வருது. மாட்டிவிட்டா ரோஷத்துல மறுபடியும் பழைய சோப்புக்கே போயிடுவாரேன்னுதான்..."

மாசிலாமணிக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே அந்த டப்பாவைத் தொட மாட்டேன் சாமி. சாகற வரைக்கும் எனக்குத் துணி சோப்புதான். இத்தனை பேர் முன்னால சத்தியம் பண்றேன்."

"அது உனக்குச் சுலபம்" என்றார் குரு. "நாளைக்குக் கிணத்தடியில இத்தனை பேரும் நிக்கும்போது, அவன்கிட்ட கேட்டு வாங்கிப் போடு."