மூன்றாவது கல்

நீலப்பாறை மடத்தில் காவி வாங்க வருகிறவள் ஆற்றில் மூன்று கல் பொறுக்கி, மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருக்க வேண்டும். நான்காம் நாள் காலை, எல்லாரும் பார்க்க, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சுனையில் வீச வேண்டும். வீடு. பொருள். காதல். வீசினால் காவி. வீசாவிட்டால் மலையிறங்கும் பஸ்.

சுடர்க்கொடிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷம் ரத்தம் சோதித்தவள். தப்பான ரிப்போர்ட் ஒன்றுகூட எழுதியதில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலையை விட்டாயிற்று, வீட்டையும் தங்கைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

"வீட்டை விட்டேன்" என்று முதல் கல்லை வீசினாள். "பொருளை விட்டேன்" என்று அடுத்ததை வீசினாள். மூன்றாவது கல் கையிலேயே நின்றது.

"சட்டுனு போடும்மா, பாயசம் ஆறுது" என்றாள் மடத்து நிர்வாகம் பார்க்கும் பொன்னுத்தாயி.

"இதைப் போட மாட்டேன். எனக்கு யார் மேலயும் காதல் வந்ததே இல்ல. இல்லாததை விட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை. சொன்னா வாய் வலிக்குமா?"

"இல்லாத சர்க்கரையை இருக்குன்னு நான் எழுதினதில்ல. சாமி முன்னால வந்துதான் எழுதணுமா?"

"அப்போ மத்தியானம் பஸ் இருக்கு" என்றாள் பொன்னுத்தாயி.

சுடர்க்கொடி மலையிறங்கும் பாதையைப் பார்த்தாள். பயம்தான். ஆனாலும் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுனைப் படியில் உட்கார்ந்திருந்த மடத்துத் தலைவி வேலம்மை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மனசு இறுகிப் போச்சோ?"

"இல்ல, அம்மை. எங்க அம்மா போனப்போ மூணு மாசம் சோறு இறங்கல. தங்கைன்னா உயிரு. காதல் மட்டும் வரல. பொண்ணு பார்க்க வந்தவங்களும் நல்லவங்கதான், கூட வேலை பார்த்தவரும் நல்லவருதான். காத்திருந்து பார்த்தேன், வரல."

"அதுக்குப் பேரு உண்டா?"

"உண்டு. ஏரோமாண்டிக்னு சொல்லுவாங்க."

"அது என்ன வியாதி?" என்று குறுக்கே விழுந்தாள் பொன்னுத்தாயி.

"வியாதியா இருந்தா நானே டெஸ்ட் பண்ணியிருப்பேன், அக்கா."

வேலம்மை சிரிக்கவில்லை. "யாரு வச்ச பேரு? டாக்டரா?"

"இல்ல, எங்களை மாதிரி ஆளுங்களே வச்சுக்கிட்டது. இருபது இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். வெளிதேசத்துல, முகம் தெரியாதவங்க கம்ப்யூட்டர்ல எழுதிக்கிட்டாங்க. ஒவ்வொருத்தரும், தான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக் கிடந்தவங்க. எழுத எழுதத்தான் இன்னும் பலபேர் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு பேரு வேண்டியிருந்துது."

"அதுக்கு முன்னால இப்படி ஆளே இல்லையா?"

"இருந்திருப்பாங்க. சொல்லத்தான் வார்த்தை இல்ல."

"வார்த்தை இல்லாம என்ன செஞ்சிருப்பாங்க?"

சுடர்க்கொடி யோசிக்கவே இல்லை. "பொய் சொல்லியிருப்பாங்க, அம்மை. வேற வழி?"

சொன்ன பிறகுதான் மரியாதை கெட்டுப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலம்மை தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கல் இருந்தது. ஆற்றுக் கல்தான், தொட்டுத் தொட்டு வழவழத்துப் போயிருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி படியில் வைத்தார்.

"நான் காவி வாங்கி முப்பத்தாறு வருஷம் ஆச்சு" என்றார். "நானும் இல்லாததை விட்டேன்னு சொல்லி, வீசுற மாதிரி கையை ஆட்டினேன். அன்னைக்குத் தண்ணியில விழுந்தது ரெண்டுதான்."

 பொன்னுத்தாயி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காவியை எடுத்துட்டு வா, பொன்னு."

பொன்னுத்தாயி போனாள். சுடர்க்கொடி தன் கல்லை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இத்தனை வருஷம் இதை ஏன் வச்சிருந்தீங்க, அம்மை?"

"உனக்கு ஒரு வார்த்தை கிடைச்சுது. எனக்கு இந்தக் கல்லுதான் கிடைச்சுது."