மூக்கைச் சொறிந்த வாத்தியார்

ஒரே ஒரு ராசா நாட்டுல ஒரே ஒரு குளம் இருந்துச்சாம். குளத்துக்கு இந்தப் பக்கம் மேலமடைன்னு ஒரு ஊரு, அந்தப் பக்கம் கீழமடைன்னு ஒரு ஊரு. மழை நல்லா பெஞ்சா ஒரு வம்பும் இல்ல. மழை குறைஞ்சா எந்த ஊருக்குத் தண்ணின்னு மண்டை உடையும். அதனால ராசா ஒரு வழக்கம் வெச்சாரு. ஊருக்கு ஒரு ஆள் வந்து சிலம்பம் ஆடணும். கம்பு நுனியில கரி பூசியிருக்கும். யாரு மேல முதல்ல கரி படுதோ அவங்க ஊரு தோத்துச்சு, ஜெயிச்ச ஊருக்குத் தண்ணி. பொழுது சாயுறவரைக்கும் யாரு மேலயும் படலைன்னா மடை திறக்காது, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆட்டம்.

அந்த வருசம் மழை குறைஞ்சுபோச்சு. மேலமடையில ஒச்சன்னு ஒருத்தன், பனைமரம் மாதிரி இருப்பான், அவன் ஆட வந்தான். கீழமடையில மாடத்தின்னு ஒருத்தி, சொந்தமா நாத்து பாவியிருந்தா, அது காஞ்சா அவளுக்கு வருசம் முழுக்கக் கஞ்சி கிடையாது, அவ ஆட வந்தா.

சரி, யாரு சொல்லிக்குடுக்கிறது? வேம்பையன்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. காலையில மேலமடைக்குப் போய் வாழைத்தோப்புக்குள்ள ஒச்சனுக்குச் சொல்லிக்குடுப்பாரு, அங்க கோழிக்குழம்பு. பொழுது சாஞ்சா கீழமடைக்குப் போய் காஞ்சுபோன ஆத்துமணல்ல மாடத்திக்குச் சொல்லிக்குடுப்பாரு, அங்க அயிரைமீன் குழம்பு. ரெண்டு பேர்கிட்டயும், "நான்தான் வாத்தியாருன்னு வெளிய மூச்சு விட்டே, கம்பு கைக்கு வராது"ன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

ஒருத்தர் ஜெயிச்சா என்ன ஆகும்? தோத்த ஊருல சோறு போயிடும்ல! அதனால அந்த மனுசன் என்ன பண்ணாரு, ரெண்டு பேருக்கும் தடுக்க மட்டும் சொல்லிக்குடுத்தாரு. அடிக்கச் சொல்லியே குடுக்கல. "அவசரப்படாதே. எதிராளி முதல்ல வருவான். வந்தா தடுத்துட்டுத் தட்டு. வரலைன்னா நில்லு."

முதல் வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கத் தப்பு மேளம் அடிச்சாங்க. ஒச்சன் நின்னான். மாடத்தி நின்னா. பொழுது சாஞ்சுபோச்சு.

ரெண்டாவது வெள்ளிக்கிழமை தப்பு அடிச்சாங்க. ஒச்சன் நின்னான். மாடத்தி நின்னா. "என்னலே, கொக்கு மாதிரி நிக்கிறீங்க, மீன் பிடிக்கவா வந்தீங்க?"ன்னு சனங்க கத்துச்சு. பொழுது சாஞ்சுபோச்சு. நாத்து மஞ்சளாச்சு. வாத்தியாருக்குத் தொந்திதான் வளந்துச்சு.

மூணாவது வெள்ளிக்கிழமை தப்பு அடிச்சாங்க. ஒச்சன் நின்னான், மாடத்தி நின்னா. அவளுக்குப் பொறுக்கல.

"அண்ணே, வாயேன்."

"நீ வா புள்ள."

"நீதான் முதல்ல வருவேன்னு எங்க வாத்தியாரு சொன்னாரு."

"எங்க வாத்தியாரு நீதான் வருவேன்னாரு!"

"என் நாத்து சாகுது அண்ணே."

"எங்க ஊரு நாத்து மட்டும் சிரிக்குதாக்கும்?"

பேசிக்கிட்டே ஒச்சன் கம்பைச் சரியாப் பிடிச்சு, மூணு தரம் மூக்கைச் சொறிஞ்சான். அதே நேரம் மாடத்தியும் மூணு தரம் மூக்கைச் சொறிஞ்சா. ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டாங்க.

"ஏன் புள்ள மூக்கைச் சொறிஞ்சே?"

"அது ஆட்டத்துல ஒரு முறை. எங்க வாத்தியாரு கம்பு எடுத்தா முதல்ல அதைத்தான் செய்வாரு. நீ ஏன் சொறிஞ்சே?"

"எங்க வாத்தியாரும் காலையில சாப்பிட்டுக் கம்பு எடுத்தா அப்படித்தான்!"

முறையும் இல்ல ஒண்ணும் இல்ல. கம்பு எடுக்கும்போதெல்லாம் குட்டு வெளிப்பட்டுருமோன்னு பயம், பயம் வந்தா அந்த மனுசனுக்கு மூக்கு அரிக்கும். புள்ளைங்க ரெண்டும் அதையும் பாடம்னு பழகிக்கிச்சுங்க!

ஆட்டம் பாக்க வந்திருந்த ராசா கூட்டத்தைத் திரும்பிப் பாத்தாரு. முன்வரிசையில ஒரு ஆளு வேர்த்து விறுவிறுத்து மூக்கைச் சொறியிறான், சொறியிறான், சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்.

"யோவ், உள்ள வாய்யா. கையில கம்பை எடு. ரெண்டு பேரும் கேளுங்க, இவன் மேல யாரு முதல்ல கரி வைக்கிறீங்களோ அந்த ஊருக்குத் தண்ணி."

வாத்தியாரு கெட்டிக்காரரு. ஒச்சன் போனான், தடுத்துட்டாரு. மாடத்தி போனா, தடுத்துட்டாரு. மாடத்தி ஒச்சன் காதுல சொன்னா, "அண்ணே, ஒத்தையாப் போனா தடுக்கத்தான் செய்வாரு. நீ வலப்பக்கம் வா, நான் இடப்பக்கம் வரேன்."

ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாங்க. வாத்தியாருக்கு இருக்கிறது ஒரு கம்பு. வலது கன்னத்துல ஒரு கரி, இடது கன்னத்துல ஒரு கரி!

"யாருது முதல்ல?"ன்னாரு ராசா. யாருக்கும் தெரியல.

மாடத்தி சொன்னா, "ராசா, இவரு காலையில அங்க தின்னாரு, பொழுது சாஞ்சா இங்க தின்னாரு. தண்ணியும் அப்படியே போகட்டும். பகல்ல மேலமடைக்கு, ராவுல எங்களுக்கு."

ஒச்சன் தலையை ஆட்டினான். ராசா அப்பவே மடையைத் திறக்கச் சொன்னாரு.

"அப்போ நானு?"ன்னாரு வாத்தியாரு.

"குளம் சேறு மண்டித் தூந்து கிடக்கு. அடுத்த மழைக்குள்ள தூரு அள்ளு. சோறு குடுப்பாங்க, வெறுங்கஞ்சி"ன்னாரு ராசா.

ஒச்சன் வயலுக்குப் போனான். மாடத்தி நாத்தைப் பாக்க ஓடினா. ராசா அரண்மனைக்குப் போனாரு, சனங்களும் போயிடுச்சு. கடைசியா ரெண்டு கன்னத்துலயும் கரியோட, தலையில கூடையை வெச்சுக்கிட்டு, வாத்தியாரு குளத்துக்குள்ள இறங்கிப் போனாரு. கதையும் அவரு பின்னாலயே போயிடுச்சு.