ஒரு இலை எவ்வளவு தாங்கும்

"மூணு தடவ வரைஞ்சாச்சு. மூணு தடவயும் கையெழுத்துப் போடல. என் இலையில என்னதான்க்கா குத்தம்?"

பிலோமினாக்கா நிமிந்து பாக்கல.

அக்கா முன்னாடி கப்பல் கட்டுற தளத்துல வெல்டர். இப்ப கட்டடங்களுக்கு உலோகச் சிற்பம் பண்றாங்க. நான் அவங்ககிட்ட படிக்கிறவ. பெரியாஸ்பத்திரி புது வார்டு வாசல் சுவர் முழுக்க செம்புத் தகட்டுல ஒரு இலைக்கொடி. எனக்கு வந்த மொத வேலை. அக்கா கையெழுத்து இல்லாம ஒரு இலகூட சுவரேறாது.

"எவ்வளவு தாங்கும்?"ன்னாங்க.

எப்பவும் இதே கேள்விதான். ஒரு தடவ, போல்ட்டு எத்தன கிலோ தாங்கும்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவ, புயலடிச்சாலும் தாங்கும்னேன். ரெண்டுக்கும் உதட்டப் பிதுக்கிட்டாங்க.

"இது பாக்குறதுக்குக்கா. புளிமூட்ட ஏத்துறதுக்கா?"

சிரிச்சாங்க.

"ஏட்டி மேகலா, ஒரே ஒரு இலைய வெட்டி, ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் மாட்டு. பக்கத்துலயே உக்காரு."

போனேன். நெஞ்சு உசரத்துல மாட்டினேன். காகிதம் மாதிரி தகடு. வெயில் பட்டதும் நரம்பு நரம்பா மின்னுச்சு. ஊரே பாக்கட்டும்னு உக்காந்தேன்.

ஒருத்தரும் பாக்கல.

பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்தாரு. ஒரு கையில கஞ்சித் தூக்குவாளி, மறு கையில ஸ்கேன் கவர், தோள்ல ஈரத் துண்டு. சட்டப் பையிலேர்ந்து சீட்ட எடுக்கணும். சுத்திமுத்திப் பாத்தாரு. வாளிய என் இலையில மாட்டினாரு.

இல மடங்கிருச்சு. கஞ்சி பூரா தரையில.

கண்ணு என்ன பொடதியிலயா இருக்குன்னு கேக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரே கையெடுத்துக் கும்பிட்டாரு.

"கோவிச்சுக்காத தாயி. கைக்கு எட்டுற மாதிரி இருந்துச்சா, மாட்டிட்டேன்."



எதுத்த கடையில கஞ்சி வாங்கி வாளிய நெரப்பினேன். அவர் சீட்டக் காட்டிட்டு வர்ற வரைக்கும் வாளி, கவர், துண்டு மூணையும் நான்தான் சொமந்துக்கிட்டு நின்னேன். கை கடுத்துச்சு.

பட்டறைக்குத் திரும்பி, கனத்த தகடா எடுத்து வெட்டினேன். நுனிய மேல பாத்துக் கொக்கி மாதிரி வளைச்சேன். சாயங்காலம் அக்கா மேசையில வெச்சேன்.

"எவ்வளவு தாங்கும்?"

"ஒரு கஞ்சி வாளி, ஒரு ஸ்கேன் கவர், ஒரு ஈரத் துண்டு."

அக்கா பேனா மூடியத் தொறந்தாங்க.