மயிலிறகு செருகிய கூடை

வெள்ளையாற்றின் வடகரைக் காட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. விளைச்சல் காலத்தில் ஒவ்வொரு விலங்கும் தன் பங்குக்குக் கொட்டையும் கிழங்கும் கொடுக்கும். தீயிலோ வெள்ளத்திலோ யாராவது வீட்டை இழந்தால், அவர்கள் தலையெடுக்கும்வரை களஞ்சியம் தீனி போடும். செவ்வாலன் என்ற மலை அணில் அதை நடத்தி வந்தது. தென்கரைக் களஞ்சியமும் அதன் கையில்தான் இருந்தது.

மாதம் ஒருமுறை வடகரைக் களஞ்சியத்தைச் சோதித்துக் காட்டுச் சபையிடம் ‘சரி’ என்று சொல்வது கூர்மணி என்ற முள்ளம்பன்றியின் வேலை. அங்கே கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அது சபையில் வாக்குக் கொடுத்திருந்தது. காரணம் உண்டு. முன்பு ஒரு கிளி, “களஞ்சியம் காலி!” என்று புரளி கிளப்பியது. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நெரிசலில் ஒரு மான்குட்டி மிதிபட்டுச் செத்துப்போனது.

மழைக்காலம் நெருங்கிய சமயம். பஞ்சி என்ற முயல் கூர்மணியிடம் அழுதுகொண்டே வந்தது.

“அக்கா! காட்டுத்தீயில் என் வளை போய்விட்டது. நாலு பிள்ளைகள் பட்டினி. களஞ்சியத்தில் ஒரு பிடி கிழங்கு கொடுத்து, ‘பிறகு வா’ என்று விரட்டிவிட்டார்கள்!”

கூர்மணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம்தானே சோதித்தது! கூரை முட்டக் கூடைகள் இருந்தனவே!

அது நேராகச் செவ்வாலனிடம் போய்க் கேட்டது.

“மழை வருகிறதே அக்கா! கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால்தானே எல்லாருக்கும் வரும்?” என்று செவ்வாலன் சிரித்தது.

அந்தச் சிரிப்பு கூர்மணிக்குப் பிடிக்கவில்லை. தென்கரையிலும் இப்படித்தானா? அங்கே சோதனை செய்வது புழுதியன் என்ற கீரி. இரண்டு காவலர்களும் வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம், ஆனால் கேட்பவரும் ரகசியம் காக்க வாக்குத் தர வேண்டும் என்று சபை முன்பே அனுமதித்திருந்தது. கூர்மணிதான் இதுவரை பேசப் போனதில்லை. ‘என் கரையை நான் பார்க்கிறேன், அவன் கரையை அவன் பார்க்கட்டும்’ என்று இருந்துவிட்டது.

மறுநாள் ஆற்றின் நடுப்பாறையில் இருவரும் சந்தித்தார்கள்.

“உன் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது, தம்பி?”

“அதை எப்படியக்கா சொல்வேன்? வாக்குக் கொடுத்திருக்கிறேனே!”

“நானும்தான் கொடுத்திருக்கிறேன். நீ சொல்வது என்னைத் தாண்டாது. நான் சொல்வதும் உன்னைத் தாண்டக் கூடாது. சரியா?”

“சத்தியமாக!” என்றது புழுதியன். “நேற்றுத்தான் சோதித்தேன். கூடை கூடையாகக் கொட்டை இருக்கிறது அக்கா. ஒரு குறையும் இல்லை. வாசலில் ஒரு பெரிய கூடை. அதன் விளிம்பு பிய்ந்துபோய், அந்த ஓட்டையில் ஒரு மயிலிறகு செருகியிருக்கும்.”

கூர்மணியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.

“இடது பக்கம் பிய்ந்ததா? பாதி முறிந்த இறகா?”

“ஆமாம்! உனக்கெப்படித் தெரியும்?”

“போன வாரம் அது என் களஞ்சியத்தில் இருந்ததடா!”

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைக்கு மேலே இருகரை மரங்களும் ஆற்றைத் தாண்டிக் கிளை பின்னிக் கிடந்தன. இரு கரையிலும் சோதனை நாள் வேறு வேறு; எந்தக் கரையில் சோதனையோ, அதற்கு முந்தின நாள் அந்தக் கிளைகள் வழியாக அதே கூடைகள் அங்கே போகும், இங்கே வரும்!

“இப்போதே ஊரைக் கூட்டுவோம்!” என்று துள்ளியது புழுதியன்.

“வேண்டாம்! சேதி கசிந்தால் மறுபடி நெரிசலில் சாவார்கள். செவ்வாலனும் ஓடிவிடும். மூன்றாம் நாள் சபை கூடுகிறது. அதுவரை வாயைக் கட்டு. அன்று உச்சி வெயிலில், சபை வீரர்களுக்கு முன்னால் நீ உன் கதவைத் திற. அதே நேரத்தில் நானும் திறக்கிறேன்.”

இடையில் பஞ்சி வந்து, “ஏதாவது தெரிந்ததா அக்கா?” என்று கேட்டபோதும் கூர்மணி தன் பங்குக் கிழங்கைக் கொடுத்தனுப்பியதே தவிர, வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், உச்சி வெயில். தென்கரையில் புழுதியன் கதவைத் திறந்தது. மயிலிறகுக் கூடை அங்கே இருந்தது. வடகரையில் கூர்மணி கதவைத் தள்ளியது.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தரை. மூலையில் கொஞ்சம் சருகு.

கூர்மணி அப்படியே உட்கார்ந்துவிட்டது. “மூன்று வருடமாக நான் ‘சரி’ என்று சொன்னது இதற்கா?”

கிளைவழியே தப்பி ஓடப் பார்த்த செவ்வாலனைச் சபை வீரர்கள் அங்கேயே மடக்கிப் பிடித்தார்கள். “பலாச்சுளைக்கு ஆசைப்பட்டு ஒரு களஞ்சியத்துத் தீனியைக் குரங்குகளிடம் மாற்றிவிட்டேன்!” என்று அது ஒப்புக்கொண்டது. அதைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். எஞ்சியிருந்த ஒரு களஞ்சியத்துத் தீனியை இரு கரைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

மழை கொட்டியது. வெள்ளம் வந்தது. எல்லாரும் அரை வயிற்றோடு காலம் தள்ளினார்கள். பஞ்சியின் கடைக்குட்டி மட்டும் அந்தப் பசியையும் குளிரையும் தாங்காமல் செத்துப்போனது.

பஞ்சி கூர்மணியைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டது: “பாறை பக்கத்தில்தானே அக்கா இருக்கிறது? மூன்று வருடத்தில் ஒருநாள் போய்ப் பேசியிருக்கக் கூடாதா?”



ரகசியத்தை ஊர் வாயில் விழாமல் காப்பது கடமை; ஆனால் அதே காவல் காக்கும் இன்னொருவரிடமும் அதை மறைத்தால், திருடனுக்குத்தான் அது துணைபோகும்.